மகாவலி நீரும் மூளைக் காய்ச்சலும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், மாத்தளையை அடைவதற்குச் சற்று முன்னர் உக்குவளை என்னும் சிற்றூர் உள்ளது. 1880 ஆம் ஆண்டில் அப்பாதை திறக்கப்பட்ட பின்னர் நெடுங்காலம் அவ்வூரைப் பற்றி வரலாற்றாசிரியர் எவரும் அதிகம் எழுதவேண்டிய தேவை ஏற்படவில்லை. 1976 ஆம் ஆண்டிலே நிலைமை மாறியது. பொல்கொல்லையில் மகாவலி கங்கை அணையிட்டு மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திருப்பப்பட்டது. அங்குள்ள மின்நிலையத்தின் சுழலிகளை இயக்கிய பின், அந்நீர் சுதுகங்கையில் வீழ்ந்து, அம்பன் கங்கையுடன் கலந்து, போவதென்னை நீர்த்தேக்கத்தை அடைகிறது. அதில் ஒரு பகுதி மற்றுமொரு சுரங்கத்தினுள் புகுந்து, கலாவெவயைச் சூழ்ந்த வறண்ட நிலத்து வயல்களுக்குப் பாய்கிறது. திருகோணமலைக் கடலை நோக்கி ஓடிய ஆறு, இவ்வாறு அநுராதபுர மாவட்டத்து உழவனின் வரப்புக்கும் வந்து சேர்ந்தது.

ஆற்று நீருக்கும் காய்ச்சலுக்கும் உள்ள உறவு மாத்தளைப் பகுதியினருக்குப் புதியதன்று. 1934 ஆம் ஆண்டில் மழை பொய்த்து ஆறுகள் வற்றி, ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கியபோது, அக்குட்டைகளிற் பெருகிய அனோபிலிசு நுளம்புகள் மலேரியாவைப் பரப்பின. கேகாலை, குருநாகல், கண்டி, மாத்தளை ஆகிய பகுதிகள் பெரிதும் வருந்தின. அடுத்த ஆண்டும் நீடித்த அக்கொள்ளைநோயில் இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் குழந்தைகள். மலேரியாவை உண்டாக்குவது வைரசு அன்று, ஓர் ஒட்டுண்ணியே. அந்நோய் இலங்கையிலிருந்து ஒழிந்துவிட்டதென உலகச் சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று வழங்கியது.

அன்று நீர் குறைந்ததனால் நோய் வந்தது. அரை நூற்றாண்டின் பின் நீர் மிகுந்த இடத்தில் வேறொரு நோய் தோன்றிற்று. 1985 ஆம் ஆண்டின் இறுதியில் மாரி மழை பெய்து வயல்கள் நிரம்பிய வேளை, அநுராதபுர மாவட்டத்தில் கடுங்காய்ச்சலும் வலிப்பும் மயக்கமும் கொண்டு பலர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். அது யப்பானிய மூளையழற்சி என்று கண்டறியப்பட்டது. 1987 இலும் 1988 இலும் அந்நோய் மீண்டும் எழுந்து அயல் மாவட்டங்களுக்கும் பரவியது. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், பலர் இறந்தனர். பிழைத்தவர்களிலும் ஒரு சாரார் கை கால் வழங்காமலும் அறிவு மங்கியும் எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க நேரிட்டது. இறப்புக் கணக்கில் இத்தகையோர் இடம்பெறுவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் கணக்கில் அவர்களே முதலிடம் பெறுவர்.

இவ்வைரசு கியூலெக்சு இன நுளம்புகளாற் பரவுகிறது. அவை நெல் வயலின் தேங்கு நீரிற் பெருகுவன. மனிதரைக் காட்டிலும் மாட்டையும் பன்றியையும் நாடிக் கடிப்பன. மாட்டின் உடலில் வைரசு பெருகுவதில்லை. பன்றியின் குருதியிலோ அது மிகுதியாகப் பெருகி, அடுத்து வரும் நுளம்புக்குத் தொற்றுகிறது. மகாவலிக் குடியேற்றங்களில் உழவர்களின் வருவாயைப் பெருக்கும் நோக்குடன் பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் நீரின் அளவையும் நிலத்தின் அளவையும் நுணுக்கமாகக் கணித்த திட்டம், வயலையும் பன்றியையும் நுளம்பையும் ஒரே இடத்திற் சேர்த்தால் என்ன விளையும் என்பதைக் கணிக்கத் தவறியது. உக்குவளைச் சுரங்கம் நோயைக் கொண்டுசென்றது என்று கூறுவது தவறு. குளமும் வயலும் நுளம்பும் அந்நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளாக உள்ளவை. புதிதாகச் சேர்ந்தவை வயற் பரப்பின் பெருக்கமும் பன்றிகளுமே.

இவ்வுண்மையை வெளிப்படுத்திய ஆய்வு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. வைரசு இயலாளர் மலிக் பீரிசும், நுளம்புகளை ஆராய்ந்த பீலிக்சு அமரசிங்கவும், பிரியாணி அமரசிங்கவும், அவர்தம் துணைவரும் நுளம்புகளைப் பிடித்து ஆராய்ந்தனர். பன்றிகளின் குருதியைச் சோதித்தனர். மனிதரிடத்து நோய் எழுந்த காலத்தோடு அவற்றை ஒப்பிட்டனர்.

கண்டியிற் பிறந்த பீரிசு, இதற்கு முன்னரே ஒக்சுபோட்டில் வியக்கத்தக்க ஓர் உண்மையை ஆராய்ந்திருந்தார். நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளுக்குப் பிறபொருளெதிரி என்று பெயர். அது எப்போதும் காவலனாகவே இருக்கும் என்பது பொதுவான எண்ணம். 1960களில் பாங்கொக் நகரில் டெங்கு நோயை ஆராய்ந்த இசுகொட் ஆல்சுடெட் என்னும் அமெரிக்க வைத்தியர், கடும் டெங்கு இரு வகைக் குழந்தைகளையே பெரிதும் தாக்குவதைக் கண்டார். ஒரு முறை டெங்கு வந்து, வேறு வகை டெங்கு மீண்டும் தொற்றிய சிறுவர் ஒரு வகை. ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைகள் மற்றொரு வகை. கைக்குழந்தைக்கு முன்னர் நோய் வந்ததில்லை; எனினும் தாயின் பிறபொருளெதிரிகள் அதன் குருதியில் உண்டு. பிறந்த சில மாதங்கள் வரை அவை காக்கும். பின்னர் அளவிற் குறைந்து, வைரசைக் கொல்லும் வலுவின்றி, அதனைப் பற்றிக்கொள்ள மட்டும் வல்லனவாய் நிற்கும்.

அந்நிலையில் நடப்பது யாது? 1979 இல் பீரிசும் அவர் ஆசிரியர் போட்டபீல்டும் டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்த வைரசுகளைக் கொண்டு இதனை ஆய்வுகூடத்திற் காட்டினர். கிருமிகளை விழுங்கும் குருதிக் கலங்களின் மேற்பரப்பில், பிறபொருளெதிரியின் வாலைப் பற்றும் கொளுவிகள் உள்ளன. அரைகுறையாக வைரசைப் பற்றிய பிறபொருளெதிரி அக்கொளுவியில் மாட்டும்போது, வைரசும் உடன் உள்ளே புகுந்து பெருகுகிறது. திருடனைப் பிடித்த காவலனே அவனை வீட்டினுள் அழைத்துச் சென்றதை ஒக்கும் இது.

தடுப்பூசியின் வரலாற்றில் இவ்வறிவு எத்துணைப் பெறுமதி வாய்ந்தது என்பது பின்னர் தெரியவந்தது. மூளையழற்சி வைரசின் வகைகள் அனைத்தையும் ஒரே தடுப்பூசி எதிர்க்க வல்லது. ஆதலின் 1988 இல் நோய் மிகுந்த பகுதிகளின் சிறுவர்க்கு அவ்வூசி ஏற்றத் தொடங்கியபோது பெரும்பயன் கிடைத்தது. எலி மூளையிலிருந்து தயாரித்துப் பல முறை ஏற்றவேண்டியிருந்த பழைய ஊசிக்குப் பதிலாக, 2009 இல் வலுக்குறைத்த உயிருள்ள வைரசாலான புதிய ஊசி வந்தது. டெங்குவோ நான்கு வகையினது. 2016 இல் பிலிப்பைன்சு நாட்டில் டெங்கு ஊசி பெற்ற பள்ளிச் சிறுவர் 8 இலட்சத்துக்கும் அதிகமானோர். முன்னர் டெங்கு வராத பிள்ளைகளுக்கு அவ்வூசி கடும் நோயின் ஆபத்தைக் கூட்டக்கூடும் என 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது, திட்டம் நிறுத்தப்பட்டது. பல பெற்றோர் வேறு ஊசிகளையும் மறுக்கலாயினர். அதன் தீங்கும் குழந்தைகளுக்கே.

அதே 2017 இல் இலங்கையில் டெங்கு கண்டோர் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். வயலை நாடாத அந்நுளம்பு, பீலியிலும் சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் தேங்கும் தெளிந்த நீரிலே முட்டையிடுகிறது. உக்குவளையில் ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு இன்று தாய் சேய் நிலையத்தில் மூளையழற்சி ஊசி ஏற்றப்படுகிறது. டெங்கு ஊசி அவ்வட்டவணையில் இல்லை. அக்குழந்தையின் வீட்டார் வாரந்தோறும் பீலியைத் துப்புரவாக்கி, சிரட்டையைக் கவிழ்த்து வைக்கவேண்டியிருக்கிறது.