தோற்ற சண்டைக்கும் ஒரு தூண்

1803 ஆகஸ்ட் 25ஆம் திகதி வெள்ளைக்காரரின் முல்லைத்தீவுக் கோட்டை வன்னி அரசன் பண்டாரவன்னியன் கைக்குப் போனது. கோட்டையில் இருந்த கப்டன் வொன் டிறிபேர்க் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பினார். பீரங்கிகள் வன்னியனிடம் அகப்பட்டன. வெள்ளைக்காரர் சும்மா இருப்பார்களா? யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என மூன்று பக்கத்தாலும் படை நகர்ந்தது. ஒக்டோபர் 31 விடியப்புறம் அதே டிறிபேர்க் கற்சிலைமடுவில் திடீரென்று பாய்ந்தார். வன்னியன் படை சிதறிப்போனது.

அந்த இடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஏ-9 வீதியில் மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டானுக்குப் போகவேண்டும். தெற்கிலிருந்து வரும் சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை. நேரே முறிகண்டிக்குப் போய், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சுடச்சுடக் கச்சான் வாங்கிக் கொறித்தபடி கிளிநொச்சிக்கு விடுவார்கள். 2009க்குப் பின் அங்கே அவர்கள் பார்க்க வந்தவை போரில் சரிந்த தண்ணீர்த் தாங்கியும், குண்டு பிளந்த சீமெந்துக் கட்டியின்மேல் தாமரை பூத்த வெற்றிச் சின்னமும். புதுக்குடியிருப்புப் பக்கம் புலிகளின் நிலக்கீழ் வீடொன்றையும் கூட்டமாய்ப் பார்த்தார்கள்; 2013இல் இராணுவமே அதைத் தகர்த்துவிட்டது.

கற்சிலைமடுவில் இருந்ததும் வென்றவர்கள் நட்ட கல்தான். இங்கே டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதும் திகதியும் ஆங்கிலத்தில், அவ்வளவே. முல்லைமணியின் நாடகம் பார்த்து வளர்ந்த நமக்குக் காக்கைவன்னியன் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்ததுதான் முதலில் ஞாபகம் வரும். கல்லில் காக்கைவன்னியன் பெயரே இருக்கவில்லை! ஆனால் எங்கள் சனம் கெட்டிக்காரச் சனம். தோல்வியை அறிவிக்க வைத்த கல்லுக்கே மாலை போட்டு, தோற்றவனைக் கும்பிடும் இடமாக்கிவிட்டது. கடைசிப் போருக்குப் பின் யாரோ அதை உடைத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

வென்றவர்கள் நட்ட இந்தக் கல்லுக்கு நேர்மாறாக, சண்டையில் தோற்றவர்களே எழுப்பிய தூண் ஒன்று அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தில் உண்டு. வில்லியம் ஸ்கோஃபீல்ட் என்ற பத்திரிகையாளரின் யோசனைப்படி 1951இல் உருவான நடைவழி ஒன்று அங்கே இருக்கிறது. தெருவில் போட்ட சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இரண்டரை மைலில் 16 வரலாற்று இடங்களைப் பார்க்கலாம். அதில் ஒன்று பங்கர் ஹில். 221 அடி உயரக் கருங்கல் தூண், ஏற 294 படி. 1775 யூன் 17இல் அங்கே நடந்த சண்டையில் குன்றைப் பிடித்தது பிரித்தானியப் படை. அமெரிக்கர் தோற்றுப் பின்வாங்கினர். பிடித்தவர்கள் பக்கமோ செத்தவரும் காயப்பட்டவருமாய் ஆயிரத்துக்கு மேல். பிறகு யுத்தத்தையே வென்றதால், தோற்ற சண்டைக்கும் தூண் எழுப்ப அமெரிக்கருக்கு வாய்த்தது. 1843இல் அதைத் திறந்துவைத்தார்கள்.

வன்னியனுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. அதற்காக 221 அடி கேட்கவில்லை. மாங்குளச் சந்தியில் மும்மொழியிலும் ஒரு பலகை போதும். ஒக்டோபர் 31உடன் ஆகஸ்ட் 25ஐயும் அதில் எழுதவேண்டும். கச்சான் வாங்க அவசரப்படும் பஸ்களில் ஒன்றிரண்டாவது கிழக்கே திரும்பட்டும்.