ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டார வேளாண்மண்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், இன்று கார் ஆலைகளால் பெயர் பெற்ற ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம், ஏரி வண்டல் இட்டுத் தேற்றப்பட்ட செம்மண் பூமி. மழைக்கு இறுகி வெயிலுக்குப் பொறுக்குத் தட்டும் இம்மண் தானாக வளமானதன்று.

தோற்றமும் வகைப்பாடும்: அடியிலுள்ள களிப்பாறை, மணற்பாறை அடுக்குகளை நிலவியலாளர் ‘ஸ்ரீபெரும்புதூர் படிவுகள்’ என்றே அழைக்கின்றனர். தாவரப் புதைபடிவங்கள் உள்ள இவை கீழ்க் கிரெட்டேசியஸ் காலத்தவை. ஜுராசிக் என்பது பழைய கருத்து. உழவர் வழக்கில் மண் களி, செவ்வல், இருவாட்டி, மணற்சாரி, களர், உவர் எனப்படும். கையில் நனைத்து உருட்டித் திரியாக இழுப்பார்கள். திரி அறாமல் நீண்டால் களி, உருண்டையே உதிர்ந்தால் மணல். பிரிட்டிஷ் நிலவரித்திட்டம் கரிசல், செவ்வல், மணல் எனப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தரம் கட்டியது. இப்போதும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் ‘மண் வயனமும் ரகமும்’, ‘மண் தரம்’ என்ற கட்டங்கள் உண்டு. தீர்வைக்காகப் பிறந்த வகைப்பாடு. மண் கெட்டுப்போனதை அதில் எழுத இடமில்லை.

வண்டல் சுழற்சி: அருகிலுள்ள உத்திரமேரூரின் சோழர்காலக் கல்வெட்டுகள் (919, 921) ஏரியைப் பேணும் குழுவான ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. 1767–1774இல் பிரிட்டிஷ் அளவையாளர் பர்னார்ட், இவ்வட்டாரம் அடங்கிய செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தபோது, விளைச்சலில் ஒரு பங்கை ஏரிப் பராமரிப்புக்கு ஒதுக்கும் வழக்கம் இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை வண்டிகளில் அடித்து வயலில் குவித்துப் பரப்புவர். பிறகு ஆட்டுக்கிடை போடுவர். செம்மண்ணுக்கு இல்லாத களித்துகளை வண்டல் தந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும். இந்த ஒழுங்கு கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் குலையத் தொடங்கியது எனக் கருதப்படுகிறது.

சீரழிவு: ரசாயன உரம் வந்தபின் தொழுவுரமும் தழையும் குறைந்தன. மண்ணில் அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் ஆய்வுக்கூடம் ‘குறைவு’ என்று எழுதும். செம்மண்ணில் பெரும்பாலும் அதுதான் வரும். டிராக்டர் மீண்டும் மீண்டும் சேறடிப்பதால் ஒரு சாண் ஆழத்தில் கல்போல இறுக்கம் விழுகிறது. வேர் அதைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பும். செங்கல் சூளைக்கு மேல்மண்ணை விற்பதுதான் மீளாத இழப்பு. உரத்தைக் கடனுக்காவது வாங்கலாம், மேல்மண் எந்தக் கடையிலும் கிடைக்காது.

மீட்பு: தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில், 40–50ஆம் நாளில், மடக்கி உழுவது எளிய வழி. பிடுங்கிப் பார்த்தால் வேரில் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் தழைச்சத்து சேர்கிறது என்று பொருள். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டு நீர் கட்டி வடிக்க வேண்டும். உவர் நிலத்துக்கு வடிகால் அமைத்து நல்ல நீர் கட்டி வடித்தால் போதும், ஜிப்சம் வீண்செலவு. இறுகிய அடிமண்ணுக்கு உளிக்கலப்பை.

தற்போதைய நிலை: ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும், ரெனோ–நிசான் 2010இல் ஒரகடத்திலும் உற்பத்தி தொடங்கின. ஆலைகள் போக எஞ்சிய வயல்களுக்கு ஏரி வண்டலை இலவசமாக எடுக்கும் அனுமதியை 2024 முதல் வட்டாட்சியரே வழங்குகிறார்.