உள்ளிருந்து கொல்லும் அணு



ரப்பர் மரத்திற்குப் போடும் உரத்தில் பாஸ்பரஸ் என்ற சத்து உண்டு. அதை எந்த வேர் எடுக்கிறது என்று கண்ணால் காண முடியாது. இதை அறிய, சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் வைத்திருந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்கப் பாஸ்பரஸைப் பயன்படுத்தினார்கள். மண்ணில் அதை வைத்து, மரத்தில் எவ்வளவு ஏறியது என்று கருவியால் அளப்பதே முறை. அந்த ஆய்வு 1971-இல் வெளிவந்தது.

சாதாரணப் பாஸ்பரஸுக்கும் கதிரியக்கப் பாஸ்பரஸுக்கும் வேருக்கு வேற்றுமை தெரியாது. பாக்டீரியா என்னும் கிருமிக்கும் தெரியாது. இதை வைத்தே விஞ்ஞானிகள் உயிரின் ஓர் இரகசியத்தை அறிந்தார்கள்.

பாஸ்பரஸ்-32 அணுக்களில் பாதி, ஏறத்தாழ 14 நாட்களில் கந்தகமாக மாறிவிடும். மாறும்போது ஒவ்வோர் அணுவும் பீட்டா கதிர் ஒன்றை வீசும். 1951-இல் அமெரிக்காவில் ஆல்பிரெட் ஹெர்ஷியும் அவருடைய குழுவினரும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் இந்த அணுவைச் சேர்த்தார்கள். நாள் செல்லச் செல்ல அவை செயலிழந்தன. 1956-இல் கிளாரன்ஸ் பூர்ஸ்ட், குந்தர் ஸ்டென்ட் இருவரும் பாக்டீரியாவிலேயே இதைச் சோதித்தார்கள். பாஸ்பரஸ்-32 ஊட்டிய கிருமிகளைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்தார்கள். உறைந்த கிருமி வளராது, பெருகாது. ஆனால் அணு மாறுவதைக் குளிர் தடுக்காது. அவ்வப்போது சிறிது எடுத்து உருக்கிப் பார்த்தபோது, உயிரோடிருந்தவை குறைந்துகொண்டே வந்தன.

எப்படி இறந்தன? பீட்டா கதிர் சில மில்லிமீட்டர் தூரம் பாயக்கூடியது. கிருமியின் அளவோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. ஆகவே கதிர் பெரும்பாலும் வெளியே போய்விடும். கேடு அணு இருந்த இடத்திலேயே நிகழ்கிறது. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையில், பூச்சரத்தின் முடிச்சுகளைப் போல் பாஸ்பரஸ் அணுக்கள் இருக்கின்றன. ஓர் அணு கந்தகமாக மாறினால் அந்த முடிச்சு அறுகிறது.

ஆயினும் ஒவ்வோர் அறுப்பும் சாவாகவில்லை. வைரஸ்களில் சுமார் பத்து மாற்றங்களுக்கு ஒன்றே உயிரைப் பறித்தது. டி.என்.ஏ. இரட்டை இழை என்று 1953-இல் வாட்சனும் கிரிக்கும் கூறியிருந்தார்கள். ஓரிழை அறுந்தால் மற்றது தாங்கும். இரண்டும் அறுந்தால் தாங்காது என்று ஸ்டென்ட் விளக்கம் தந்தார்.

இதே இழையை வெளியிலிருந்தும் அறுக்கலாம். சிலாங்கூர், பாங்கியிலுள்ள அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் 1989-இல் சினாகாமா என்ற கூடம் தொடங்கப்பட்டது. அங்கே கோபால்ட்-60 வீசும் காமா கதிர், மூடிய பெட்டிகளை ஊடுருவி மருத்துவப் பொருள்களிலுள்ள கிருமிகளைக் கொல்கிறது. ரப்பர் பாலில் செய்த அறுவைக் கையுறைகளும் இவ்வகையில் தூய்மையாக்கப்படுகின்றன. கோபால்ட் கையுறையைத் தொடுவதில்லை. கையுறையில் கதிரியக்கம் தங்குவதுமில்லை.

நம் உடலிலும் இருப்பது அதே இழைதான். வெளியே இருக்கும் கதிரைக் கனத்த கான்கிரீட் சுவர் தடுக்கும். உடலுக்குள் புகுந்த கதிரியக்கப் பொருளுக்குச் சுவர் ஏது? 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில், பழைய இரும்புக் கடைக்குப் போன சீசியம் கருவி உடைக்கப்பட்டதால் 4 பேர் இறந்தார்கள்; அவர்களில் 6 வயதுச் சிறுமியும் ஒருத்தி. மூன்று இதழ்களுடைய கதிரியக்கச் சின்னம் பொறித்த எப்பொருளையும் தொடாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அச்சின்னத்தைக் காட்டி வையுங்கள்.