குருவும் தன்னறிவும்: கொழும்புத் தமிழர் வரலாற்றை முன்வைத்து ஒரு நோக்கு

தன்னை அறிதல் தனியொருவரின் அகமுயற்சி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் இந்து மெய்யியல் மரபுகள் பலவும் அவ்வறிவுக்குக் குரு இன்றியமையாதவர் என வலியுறுத்தி வந்துள்ளன. அறிவு இருவருக்கிடையிலான உறவிற் பிறப்பதாயின், அவ்வுறவு சமூகத்துக்குப் புறம்பானதாக இருத்தல் இயலாது. இவ்வுண்மை கொழும்புத் தமிழர் வரலாற்றில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு கதை உண்டு. காந்தார நாட்டிலிருந்து கண்கட்டிக் கொண்டுசெல்லப்பட்ட ஒருவன் ஆளற்ற இடத்தில் விடப்படுகிறான். ஒருவர் கட்டை அவிழ்த்துத் திசை காட்ட, அவன் ஊரூராக வழிவினவி வீடு சேர்கிறான். திசை காட்டுதல் குருவின் செயல். நடத்தல் மாணவனின் செயல். 13ஆம் நூற்றாண்டினதாகிய சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம், ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிருக்கு இறைவனே குருவாக வந்து உணர்த்துவதாகக் கூறும். வேடரிடை வளர்ந்த அரசகுமாரன் உவமையே இதற்கு அடிப்படை. தன்னறிவு உயர்குடிப் பிறப்பை உணர்தலாகவும், அறியாமை வேடர் கூட்டமாகவும் உருவகிக்கப்படுவது தற்செயலானதன்று. நிலவுடைமைச் சமுதாயத்தின் படிநிலை, விடுதலையைப் பேசும் மொழிக்குள்ளும் புகுந்துவிட்டது.

எனினும் அதே மரபு இப்படிநிலையைத் தகர்த்த கதைகளையும் பேணியுள்ளது. சகல ஆகம பண்டிதராகிய அருணந்தி, வயதில் மிக இளையவரான மெய்கண்டாருக்கு மாணாக்கரானார் என்பர். தில்லைவாழ் அந்தணராகிய உமாபதி, தம் குரு மறைஞானசம்பந்தர் நெசவாளரிடம் வாங்கிப் பருகிய கஞ்சியின் மிச்சத்தை உண்டமையால் தம் குலத்தாரால் விலக்கப்பட்டார் என்பதும் மரபுவழிச் செய்தி. இங்கு குருவை நாடுதல் பிறப்புவழி மதிப்பைத் துறத்தலாகிறது. பிற்காலத்தில் மடங்கள் நிலவுடைமை நிறுவனங்களாக வளர்ந்தபோது, இக்கலக உணர்வு வழிபாட்டு மரபாக உறைந்தது எனலாம்.

19ஆம் நூற்றாண்டிற் குருமரபு கொழும்பில் புதிய தேவையொன்றை நிறைவு செய்தது. ஆங்கிலக் கல்வியாலும் குடியேற்ற ஆட்சியின் பதவிகளாலும் உயர்ந்த தமிழ்க் குடும்பங்கள், அவ்வாட்சியின் முன் தம் பண்பாட்டுப் பெருமையை நிலைநாட்ட முயன்றன. புறக்கோட்டையை அடுத்த கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் எழுப்பிய சிவன் கோயில் இதன் கண்கூடான சின்னமாகும். அவர் புதல்வர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930) தஞ்சையைச் சேர்ந்த அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டார். சைவ ஞானத்தின் ஒளியில் விவிலியத்துக்கு உரை கண்டார். 1905–06இல் அமெரிக்காவிற் சொற்பொழிவாற்றினார்.

இளையவர் பொன்னம்பலம் அருணாசலத்தின் (1853–1924) கேம்பிரிட்ஜ் நண்பர் எட்வேர்ட் கார்பென்டர் ஓர் ஆங்கிலேயச் சோசலிசவாதி. 1890இல் இலங்கை வந்த அவர், தமிழ் ஞானி ஒருவரிடம் பாடங்கேட்டு, அவ்வனுபவத்தை 1892இல் நூலாக வெளியிட்டார். தன்னைப் பிறரினின்றும் வேறாக எண்ணாமை என்ற ஞானியின் போதனை, மானிட சமத்துவத்தைத் தேடிய அவரைக் கவர்ந்தது. அருணாசலம் ஞானம் பற்றி எழுதிய கடிதங்களை 1927இற் பதிப்பித்தவரும் கார்பென்டரே.

ஒரே வீட்டில் பிறந்து ஒரே ஞானமரபைப் போற்றிய இருவரும் அரசியலிற் பிரிந்தமை சிந்தனைக்குரியது. 1919 முதல் அருணாசலம் தொழிலாளர் நலனுக்காகச் சங்கங்கள் அமைத்துத் தோட்டத் தொழிலாளரைப் பிணித்த தண்டனைச் சட்டங்களை எதிர்த்தார். இராமநாதன் 1913இற் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவர். எனினும் டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். அது 1931இல் நடைமுறைக்கு வந்தது. அருணாசலமும் தம் வர்க்க எல்லையை முற்றாகக் கடந்தவரல்லர். எனினும் வேறுபாடின்மை என்னும் போதனை அவரிடம் சமூகச் செயலாகவும் வடிவெடுத்தது.

குரு கட்டை அவிழ்க்கிறார் என்பது உண்மையாயின், அவிழ்ந்த கண் எதைக் காண்கிறது என்பதை மாணவனின் சமூக நிலையும் காலமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கொச்சிக்கடைக் கோயிலுக்கும் கொழும்புத் துறைமுகத்துக்கும் இடையேயுள்ள தூரம் மிகச் சிறிது. அத்துறையில் மூட்டை சுமந்தோரையும் தன்னினின்று வேறல்லர் எனக் காணாத அறிவு, எத்தனை குருமாரைப் பெற்றிருப்பினும், தன்னறிவாகாது.