கூப்புச் சாலையில் ஒரு மிதிவண்டி

2023 அக்டோபர் இறுதியில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் ஆசிய மலை மிதிவண்டிச் சாம்பியன்ஷிப் நடைபெற்றது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதியும் அதனோடு இணைந்திருந்தமையால் ஆசியாவின் பல நாடுகளிலிருந்து வீரர்கள் வந்தனர். மெர்ச்சிஸ்டன் தோட்டத்துச் சரிவுகளில் தடம் அமைந்தது. அன்று முதல் அகத்தியமலைத் தொடரின் மேற்குச் சரிவு மிதிவண்டிக்காரர்களின் வரைபடத்தில் அழுத்தமாக இடம்பெற்றுவிட்டது. ஆனால் அவ்வரைபடம் காட்டும் மண்பாதைகளை வெட்டியவர் யார், எதற்காக வெட்டினர் என்னும் வரலாறு அதில் இல்லை.

மலை மிதிவண்டிக்கும் சரளைப்பாதை மிதிவண்டிக்கும் வேறுபாடு உண்டு. முன்னது பாறையிலும் வேரிலும் தாவி இறங்குவதற்கானது. பின்னது பந்தய வண்டியின் வளைந்த கைப்பிடியும் சற்றே அகன்ற டயரும் கொண்டு, தார் போடாத சாலைகளில் நெடுந்தொலைவு செல்வதற்கானது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இவ்விளையாட்டுக்குப் புகழ் சேர்த்தது. 2022இல் இத்தாலியில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. சரளைப்பாதை மிதிவண்டிக்குக் காடு மட்டும் போதாது, சாலையும் வேண்டும். மனிதர் முன்பே வெட்டி, பயன்படுத்தி, பெரும்பாலும் கைவிட்டுச் சென்ற சாலை அது. ஆகவே அவ்வண்டி ஓடுமிடம் எதுவும் மனிதக் கைபடாத இயற்கை ஆகாது.

பொன்முடி, போணக்காடு, பேப்பாறைப் பகுதிகளின் வழிகளில் மிகப் பழைய அடுக்கு காணிக்காரர்களின் நடைவழி. ‘காணி’ என்னும் சொல் தமிழில் வழிவழி வந்த நில உரிமையைக் குறிக்கும். கல்வெட்டுகளில் பயின்று வரும் சொல் அது. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பும் இப்பெயருக்கு அப்பொருளையே தருகிறது. பெயரிலேயே உரிமையைத் தாங்கிய மக்கள், பிற்காலச் சட்டங்களின் கீழ்த் தம் வழியில் நடக்கவும் பிறரிடம் அனுமதி பெற வேண்டியவர்களாயினர். அவ்வழிகள் வெறும் நடைபாதைகளும் அல்ல. 1987இல் பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் காணிக்காரர் வழிகாட்ட மலையேறியபோதுதான் களைப்பை நீக்கும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடி அவர்களுக்குத் தெரியவந்தது. அதிலிருந்து பிறந்த ‘ஜீவனி’ மருந்தின் வருவாயில் காணிக்காரருக்கும் பங்கு வழங்கப்பட்டது, மரபறிவுக்கு உரிய பயன் பகிரப்பட்டதன் தொடக்க கால எடுத்துக்காட்டாக உலகெங்கும் பேசப்படுகிறது.

இரண்டாவது அடுக்கு அறிவியலின் வழி. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராயிருந்த ஜான் ஆலன் புரூன், 1855இல் அகத்தியமலை உச்சியருகே காந்தவியல், வானிலை அளவீடுகளுக்காக ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். 1868 மீட்டர் உயரமுள்ள மலையில் அந்நிலையம் எழவேண்டுமாயின் முதலில் அங்கே செல்ல ஒரு வழி வேண்டும். சட்டங்களும் கருவிகளும் மனிதத் தோள்களில் ஏறியாக வேண்டும். புரூனின் பெயர் அறிவியல் வரலாற்றில் நிலைத்தது. சுமந்தவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

மூன்றாவது அடுக்கு தோட்டத்தின் சாலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மலைகளில் ஐரோப்பியர் காப்பி பயிரிட்டனர். இலைத்துரு நோய் அதை வீழ்த்திய பின் தேயிலை வந்தது. எடின்பரோ நகரின் ஒரு பகுதிக்கும் மெர்ச்சிஸ்டன் என்றே பெயர். அந்தப் பெயர் பொன்முடிச் சரிவில் இருப்பதே குடியேற்ற வரலாற்றின் சான்றாகும். சுமையேற்றிய வண்டி இழுக்கும் மாடு செங்குத்தாக ஏறாது. ஆதலால் தோட்டச் சாலைகள் மலையின் இடுப்பைச் சுற்றி, மெல்லிய ஏற்றத்தில் வளைந்து செல்லும். இன்று மிதிவண்டிக்காரர் மகிழும் அந்தச் சீரான ஏற்றம் மாட்டின் மூச்சுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. போணக்காட்டில் தோட்டத் தொழில் முடங்கிய பின்னும் தொழிலாளர் குடும்பங்கள் பழைய லயங்களில் தங்கியிருக்கின்றன. அவர்களுக்கு அச்சாலை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செல்லும் ஒரே வழி.

நான்காவது அடுக்கு ‘கூப்புச் சாலை’. மலையாளத்திலும் தமிழகத்து வனத்துறைப் பேச்சிலும் வழங்கும் ‘கூப்பு’, பிரெஞ்சு மொழியின் ‘கூப்’ என்னும் சொல்லிலிருந்து ஆங்கிலேய வனவியல் வழியாக வந்தது. வெட்டு என்பது அதன் பொருள். ஓர் ஆண்டில் மரம் வெட்டுவதற்கென ஒதுக்கப்பட்ட காட்டுப் பகுதியை அது குறித்தது. 1893இல் வனப் பாதுகாவலர் போர்டில்லன் திருவிதாங்கூர்க் காடுகளைப் பற்றி விரிவான அறிக்கை அளித்தார். மரத்தைக் கணக்கிட்டு வெட்டும் அரசாட்சி உருப்பெற்ற காலம் அது. பிற்காலத்தில் லாரிகள் மரம் இறக்கக் கூப்புச் சாலைகள் பெருகின. இயற்கைக் காடுகளில் மரவெட்டு நின்ற பின்னும் அப்பெயர் மக்கள் பேச்சில் ஒட்டிக்கொண்டது. காட்டை வெட்டியதன் நினைவு, காட்டை ரசிக்க வருபவர் செல்லும் பாதையின் பெயரிலேயே எஞ்சியிருக்கிறது.

இந்நான்கு அடுக்குகளின் மேல் பாதுகாப்பு என்னும் புதிய அடுக்கு படிந்தது. நெய்யாறு 1958இலும் பேப்பாறை 1983இலும் சரணாலயங்களாயின. 2001இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2016இல் யுனெஸ்கோ அதைத் தன் உலக வலையமைப்பில் சேர்த்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துள் வெளியார் நுழைய அனுமதி தேவை. ஆசியப் போட்டி தோட்ட நிலத்தில் நடந்தது. ஆனால் தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையிலான எல்லையே இங்கு வாதத்துக்குரியது. விண்வெளிக் கல்வி நிறுவனத்துக்காக இதே மெர்ச்சிஸ்டனில் நிலம் வாங்கப்பட்டபோது, அது சூழலியல் நலிவுள்ள நிலம் என்ற சர்ச்சை எழுந்தது. அந்நிறுவனம் இறுதியில் வலியமலையில் அமைந்தது.

பாதை திறந்திருப்பதற்கு விலை உண்டு. தார் போடாத மலைச்சாலையில் மழைநீர் சக்கரத் தடத்தையே வாய்க்காலாக்கி மண்ணை அரித்து ஓடையில் சேர்க்கும். பேப்பாறையின் நீர் கரமனை ஆற்றில் இறங்கி, அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரம் நகரின் குடிநீராகிறது. மிதிவண்டி ஜீப்பைவிட மிகக் குறைவாகவே தீங்கு செய்யும் என்பது உண்மை. ஆயினும் சாலையைச் செப்பனிட்டு வைப்பதா, காடு மூடிக்கொள்ள விடுவதா என்னும் முடிவு வண்டியின் எடையை மட்டும் சார்ந்ததன்று.

அம்முடிவை எடுப்பவர் யார் என்பதே மையக் கேள்வி. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வனவாசிக் குடியிருப்புகளுக்குச் சாலை உள்ளிட்ட 13 வசதிகளை அனுமதிக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலமே தரலாம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். நோயாளியைச் சுமந்து செல்ல ஒரு சாலை கேட்கும் ஊருக்கு இத்தனை வரம்புகள் இருக்கையில், பொழுதுபோக்குக்காக ஒரு பழைய சாலையைத் திறக்கும்போதும் அதே கிராம சபையைக் கேட்பதே முறை. மேலிருந்து கீழே மரமும் தேயிலையும் மூலிகையறிவும் இறங்கிய வழிகள் இவை. இப்போது கீழிருந்து மேலே இன்பம் தேடி வருகிறார்கள். வருபவர்கள் பாதையின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு ஏறினால், காணி என்னும் சொல்லின் பழைய பொருளுக்குச் சிறிதேனும் மரியாதை செய்தவர்களாவார்கள்.