சாய்பலகையும் முடுக்கமும்

முடுக்கம், அதாவது திசைவேகம் காலத்தோடு மாறும் வீதம், இன்று பள்ளிப் பாடமாக இருப்பினும், அக்கருத்து தெளிவுபெற ஐரோப்பிய அறிஞர்களுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் தேவைப்பட்டன. 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரியினர், சீராக விரைவு கூடும் பொருள் கடக்கும் தொலைவானது, அதன் நடுக்கணத்து விரைவிலேயே மாறாது செல்லும் பொருள் அதே காலத்தில் கடக்கும் தொலைவுக்குச் சமம் என்று கண்டனர். பாரிஸில் நிக்கோல் ஓரெம் அதனை வடிவியல் படமாக வரைந்து நிறுவினார்.

விழும் பொருளுக்கு இவ்விதி பொருந்துவதை அளந்து காட்டியவர் கலிலியோ ஆவார். நேராக விழும் பொருளின் விரைவை அக்காலக் கருவிகளால் அளக்க இயலாமையால், சாய்வாக வைத்த, ஏறத்தாழ 12 முழ நீளப் பலகையில் வெட்டி, வழவழப்பான தோல்தாள் ஒட்டிய குறுகிய பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருளவிட்டு, பெரிய கலத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே அந்நேரத்தில் வடிந்த நீரை நிறுத்துக் காலத்தைக் கணித்தார். காலம் இருமடங்கானால் தொலைவு நான்மடங்காகும் என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. எனினும் அவருடைய அருஞ்செயல் இவ்வளவீட்டினும் மேலானது: 1604இல் தம் நண்பரான அறிஞர் பாவ்லோ சார்பிக்கு எழுதிய கடிதத்தில், கடந்த தொலைவுக்கு ஏற்ப விரைவு கூடுகிறது என்று கருதிய அவரே, பின்னர் அதனைக் கைவிட்டு, காலத்துக்கு ஏற்பவே கூடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். வீட்டுக்காவலில் இருந்த முதுமையில் அவர் நிறைவு செய்த இவ்வாய்வு, 1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் நூலாக வெளிவந்தது.