பூஜ்யத்திற்குக் கீழே

விதிப்புத்தகத்தை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. நானும் அப்படிப் படித்தவனல்ல. பாங்க்கில் பதினோரு வருஷம் சுற்றறிக்கைகளோடு குடித்தனம் செய்ததில் ஒன்று மட்டும் தெரிந்தது: ஒரு விதி திருத்தப்படுகிறது என்றால் எங்கோ ஒருவன் அடிபட்டிருக்கிறான், அல்லது திருடியிருக்கிறான். திருத்தத்தில் அவன் பெயர் இருக்காது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தின் பதிப்புகளை வரிசையாக வைத்துப் படித்தபோது நான் தேடியது இந்தப் பெயரில்லாத ஆளைத்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் நடுவர், உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவது அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். சொன்னது பலிக்குமா என்று சந்தேகம் வருமிடத்தில் பகடை உருள்கிறது. பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு. அதை உயிர்ப்புள்ளி என்று சொல்லிக்கொள்கிறேன். அது பூஜ்யமானால் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்விக்கு 1974 முதல் 2014 வரை வந்த பதிப்புகள் சொன்ன பதில்களே இங்கு என் விஷயம்.

ஆட்டத்தை எழுதிய இருவரில் கேரி கைகாக்ஸ், சிகாகோவில் இன்சூரன்ஸ் அண்டர்ரைட்டராக இருந்து 1970-ல் வேலை இழந்தவர். யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் பார்ப்பது அவர் தொழிலாக இருந்தது. அவரும் ஜெஃப் பெரனும் 1971-ல் வெளியிட்ட 'செயின்மெயில்', பொம்மைப் படைகளை மேஜைமேல் நகர்த்தும் யுத்த ஆட்டம். அதில் சாதாரணச் சிப்பாய் ஓர் அடியில் சாவான். வீரன் என்று பெயர் பெற்றவன் நாலு ஆளுக்குச் சமம். நாலு அடி ஒரே சமயத்தில் விழுந்தால்தான் சாவான். படை நடத்துகிறவனுக்கு இது போதும். சிப்பாய் அவனுக்கு ஓர் எண்ணிக்கை.

அதே காலத்தில் மின்னசோட்டாவில் டேவ் ஆர்னசன் தம்முடைய 'பிளாக்மூர்' ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரே ஆள் என்று கொடுத்தார். எண்ணிக்கை அங்கே பாத்திரமாகிவிட்டது. ஒரே வீச்சில் தம் ஆள் சாவதை ஆடுகிறவர்கள் ஒப்பவில்லை. அதனால்தான் அடிக்கு அடி எண்ணைக் குறைத்துக்கொண்டே போகும் முறையைக் கொண்டுவந்ததாக ஆர்னசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உயிர்ப்புள்ளி என்பதே ஒரு முறையீட்டின் விளைவு. நான் தேடிய ஆளின் முதல் தடயம் இங்கே கிடைத்தது.

1974-ல் விஸ்கான்சினிலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில் வந்தன. முதல் அச்சு 1000 பிரதி. அதில் பூஜ்யம் என்றால் சாவு. மறுபேச்சு இல்லை. காயம்பட்டவனுக்கு முழு ஓய்வின் முதல் நாள் ஒன்றும் தேறாது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு புள்ளி. பாத்திரத்தை உண்டாக்குவதும் அதே சிக்கனம்தான். மூன்று பகடையை ஆறு முறை உருட்டி, விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷத்தில் ஒரு மனிதன் தயார். அவன் செத்தால் இன்னொரு பத்து நிமிஷம்.

1979-ல் வந்த நடுவர் கையேட்டில் பூஜ்யத்துக்குக் கீழே இடம் உண்டாயிற்று. பூஜ்யத்தில் மயக்கம், அதன்பின் சுற்றுக்கொரு புள்ளி இரத்தம் போய், கழித்தல் பத்தில் சாவு. காப்பாற்றினாலும் ஒரு வாரம் முழுக்கப் படுக்கை. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு பூஜ்யத்திலேயே சாவு என்று பழையபடி திரும்பி, கழித்தல் பத்தை விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. வரலாறு நேர்கோட்டில் போகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1997-ல் கம்பெனி கைமாறி, 2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது கழித்தல் பத்து பிரதான விதியாயிற்று. இரத்தம் தானே நிற்கச் சுற்றுக்குப் பத்தில் ஒரு வாய்ப்பும் சேர்ந்தது. 2014-ன் ஐந்தாம் பதிப்பில் பூஜ்யத்துக்குக் கீழே எண்ணே கிடையாது. விழுந்தவன் இருபது முகப் பகடையை உருட்டுகிறான். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு. மூன்று வெற்றி சேர்ந்தால் தப்பித்தான். எட்டு மணி நேர ஓய்வில் எல்லாப் புள்ளியும் திரும்பிவிடும்.

இதைப் பார்த்துவிட்டு, ஆடுகிறவர்கள் கோழையாகிவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. சுலபமான விமர்சனம். விதிகளைத் தனித்தனியாக எடுத்துப் படிப்பதால் வருகிற தவறு இது. நம் உருவம் - உள்ளடக்கச் சண்டைகளில் நடக்கும் தவறும் ஏறக்குறைய இதுவே. சாவின் விதியோடு சன்மானத்தின் விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆரம்பகாலப் பதிப்புகளில் வெளியே கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி. அரக்கனைக் கொல்வதில் கிடைத்தது சொற்பம். ஆகவே புத்திசாலி சண்டை போடவில்லை. அரக்கன் தூங்கும்போது பின்வாசல் வழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பயம் அவனுக்கு அறிவாக இருந்தது. 1989-ல் பொற்காசு விதி விருப்ப விதியாகச் சுருங்கிற்று. 2000-ல் அதைக் காணோம். எதிரியை வெல்வதுதான் இப்போது வளர்ச்சி. வளர வேண்டுமானால் சண்டைக்குப் போக வேண்டும். தினமும் சண்டைக்குப் போகிறவனுக்குப் பூஜ்யத்தில் சாவு என்றால் ஒரு கதையும் பாதி தாண்டாது. போதாததற்கு மூன்றாம் பதிப்பில் திறன்களும் தனித்தகுதிகளுமாகத் தேர்ந்தெடுத்து ஒரு பாத்திரத்தை உண்டாக்க ஒரு மாலை முழுதும் ஆகிவிடுகிறது. ஒரு மாலை செலவழித்து எதிர்காலம் எழுதப்பட்டவனை ஒரு பகடையில் கொல்ல யாருக்கு மனம் வரும்? சாவு தள்ளிப்போனதற்குக் காரணம் இரக்கம் அல்ல. வேறு இடத்தில் செய்த ஒரு மாற்றத்திற்கு இது வட்டி.

எனக்குப் பழைய விதியிடம்தான் சாய்வு. அதில் உலகம் நமக்காகக் காத்திருப்பதில்லை. 2000-ல் கம்பெனியே தந்த திறந்த உரிமத்தைக் கொண்டு, 2006-ல் 'ஆஸ்ரிக்' என்ற பெயரில் பழைய விதிகளைத் திரும்ப எழுதி வெளியிட்டவர்களுக்கும் இதே சாய்வு இருந்திருக்க வேண்டும். ஆனால் 1978-ன் ஆட்டக்காரர் கையேட்டைத் திறந்தால், பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு அச்சாகியிருக்கிறது. பறக்கும் பல்லி நெருப்புக் கக்கும் உலகத்தில் இந்த ஒரு யதார்த்தம் மட்டும் தேவைப்பட்டிருக்கிறது. 1989-ல் அது நீங்கிற்று. கடுமையெல்லாம் நேர்மையாகிவிடாது என்பதைப் பழமைப் பித்தர்கள், என்னையும் சேர்த்து, ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

பாங்க்கில் புதுச் சுற்றறிக்கை வந்ததும் பழையது செத்துவிடும். ஆட்டத்தில் அப்படியில்லை. எந்தப் பதிப்பும் இன்னொன்றை ரத்து செய்ய முடியாது. எல்லாமே அலமாரியில் உயிரோடு இருக்கின்றன. இதன் கனம் எனக்குப் புரிந்தது சென்ற வருஷம். லீவு சனிக்கிழமைகளில் என் அறையில் ஐந்து பேர் ஆடுகிறோம். நான் நடுவர். நண்பரொருவர் ஏழு மாதமாக ஒரு மந்திரவாதியை வளர்த்து வந்தார். ஒரு சாயங்காலம் இருட்டில் படிக்கட்டு இருக்கிறது என்று காலை வைத்தார், இருந்தது பள்ளம். பகடையை நான்தான் உருட்டினேன். சரியாகப் பூஜ்யம்.

அவர் என்னைப் பார்த்து, "எந்தப் புஸ்தகப்படி?" என்று மட்டும் கேட்டார்.

ஆரம்பத்தில் நாங்கள் ஒப்புக்கொண்டது 1974-ன் விதி. ஆனால் 1979 கை எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. "பழைய புஸ்தகந்தான்" என்றேன். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிப் போனவர் அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு வரவில்லை. நாலாவதற்கு வந்து, உட்காருமுன்பே மூன்று பகடையைக் கேட்டு வாங்கினார். ஆறு முறை உருட்டி, விழுந்த வரிசையிலேயே எழுதினார். மந்திரவாதியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மடித்த காகிதம் இன்னும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.